மணல் திட்டில் ஒரு ஞாயிறு

எல்லைக் கிராமத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு பூவாற்றுக்கு வருகின்றன. படகு, மீன் குழம்பு, மணல் என்று ஒரு நாள் இனிமையாகப் போகிறது. கடலைப் பற்றித்தான் யாரும் அவர்களுக்கு விவரமாகச் சொல்வதில்லை.

அலையாத்தி மரங்களின் இருட்டிலிருந்து படகு வெளியே வந்ததும் குழந்தைகள் எழுந்து நிற்கப் பார்க்கிறார்கள். படகுக்காரர் ஓர் அதட்டல் போட்டு உட்காரவைக்கிறார். எதிரே நெய்யாறு ஏரிபோல அகன்று கிடக்கிறது. அதற்கு அப்பால் ஒரு நீண்ட மணல் மேடு. மேட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று படகிலிருந்து தெரிவதில்லை. ஆனால் கேட்கிறது. இந்தப் பக்கம் துடுப்பு போட்டால் உடையும் கண்ணாடிபோலத் தண்ணீர். அந்தப் பக்கம் அரபிக்கடல் மணலில் வந்து மோதும் ஓசை.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில், நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடலோரத்தில் இருக்கிறது பூவாறு. பேச்சில் 'பூவார்'. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பொழியூர், கேரளத்தின் கடைசிக் கடலோரக் கிராமம். அதைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. வெளிநாட்டுக்காரர்களுக்கும் மும்பை, பெங்களூர் தேனிலவுத் தம்பதிகளுக்கும் பூவாறு என்றால் தண்ணீரில் மிதக்கும் குடில்கள், படகில் மட்டுமே போகக்கூடிய ரிசார்ட்கள், எண்ணெய் மசாஜ். பாறசாலை, உதியங்குளங்கரை, களியக்காவிளை, கொல்லங்கோடு பகுதிக் குடும்பங்களுக்கு அது வேறு ஊர். காலையில் பஸ்ஸிலோ வாடகை வேனிலோ வந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் இடம். இந்த இரண்டு கூட்டமும் ஒரே ஆற்றில் ஒன்றையொன்று கடந்துபோகின்றன. பேசிக்கொள்வதில்லை.

இரண்டாவது கூட்டத்தின் பயணத் திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதலில் செங்கல் மகேஸ்வரம் கோயில். அங்கே 2019ல் திறக்கப்பட்ட 111 அடிக்கும் உயரமான சிவலிங்கத்துக்குள் ஏறி இறங்குவது. பிறகு பூவாற்றில் படகு, சாப்பாடு. மாலையில் வடக்கே ஆழிமலை. அங்கே பாறை மேல் 58 அடி உயரத்தில் கங்காதரர் சடை விரித்து அமர்ந்திருக்கிறார். 2020 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டவர். நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால் விழிஞ்ஞம், கோவளம். பக்தியும் உல்லாசமும் ஒரே வேன் வாடகையில் முடிந்துவிடும் இந்த ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. பாட்டிக்குக் கோயில் வேண்டும், பேரனுக்குத் தண்ணீர் வேண்டும் என்ற குடும்பக் கணக்கில் தானாக அமைந்தது.

படகுச் சவாரிக்குத் துறைகள் பல. பெரும்பாலும் தனியார் நடத்துவது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று பேரம். முதலில் சொல்லும் தொகையைக் கொடுப்பவர்கள் ரிசார்ட்காரர்கள் மட்டும்தான் என்று எல்லைக் கிராமத்துக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். குமரி மாவட்டத்துக்காரர்கள் என்று தெரிந்துகொண்டால் படகுக்காரர் 'அண்ணாச்சி' என்று தமிழுக்கு மாறிவிடுவார். விலை மட்டும் எந்த மொழியிலும் எளிதில் இறங்காது. சதுப்புக் காட்டுக்குள் குறுகலான நீர்த்தடம். கிளைகளுக்குத் தலை குனிய வேண்டும். நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். மீன்கொத்தியைப் படகுக்காரர் காட்டுவதற்குள் அது பறந்துவிடும். முகத்துவாரத்துக்கு அருகே பாறையில் மாதா சிலை, யானைப் பாறை. நடுத் தண்ணீரில் மிதக்கும் உணவகங்கள். அங்கே மீன் விலையைக் கேட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் குடும்பங்கள்தான் அதிகம்.

சாப்பாட்டுப் பேச்சில் இந்த மண்ணின் ஒரு குட்டு வெளிப்படும். மீன் குழம்போடு வரும் கிழங்கைத் தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் மரவள்ளி என்பார்கள். கேரளத்தில் கொல்லத்துக்கு வடக்கே போனால் கப்பை. ஆனால் இங்கே எல்லையின் இரண்டு பக்கமும் அது மரச்சீனி. அதேபோலப் பதநீர் இரண்டு பக்கமும் அக்கானி. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே விழுந்தது. கல்யாண சம்பந்தங்களும் கிழங்கின் பெயரும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. அதனால்தான் பாறசாலைக் குடும்பத்தின் வேனில் குழித்துறை மாமாவும் இருக்கிறார்.

ஆற்றுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அகஸ்திய மலையில் பிறந்து 56 கி.மீ. ஓடிப் பூவாற்றில் கடலில் சேருகிறது நெய்யாறு. 1958ல் கட்டி முடிந்த நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2004ல் கேரளம் அதை நிறுத்தியது. 2012ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விளவங்கோட்டு விவசாயி ஒருவர் குடும்பத்தோடு பூவாறு வந்து, தன் வயலுக்கு வராத ஆற்றில் படகுக் கூலி கொடுத்துச் சுற்றிப் பார்க்கிறார் என்றால் அதில் கற்பனை எதுவும் இல்லை.

ஊரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. எட்டு வீட்டுப் பிள்ளைமாருக்குப் பயந்து ஒளிந்து திரிந்த காலத்தில் மார்த்தாண்ட வர்மா இங்கே ஆற்றில் சிவந்த பூக்கள் மிதந்து வரக் கண்டு 'பூவாறு' என்றாராம். அவர் ஒளிந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இருக்கிறது. பைபிளில் சாலமோன் மன்னனின் கப்பல்கள் போன ஓபீர் துறைமுகம் இதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. அதை நம்புவதற்குப் படகுச் சவாரியின் மயக்கம் கொஞ்சம் தேவைப்படும். கண்ணால் பார்க்கக் கிடைக்கும் பழமை இன்னொன்று: அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க 1860களில் திருவிதாங்கூர் வெட்டத் தொடங்கியது. முடியவில்லை. ராணியின் பெயரும் ராஜாவின் பெயரும் பத்மநாபரின் பெயரும் சேர்ந்தும் கால்வாய் குமரியை எட்டவில்லை. எஞ்சிய துண்டுகளில் பல இடங்களில் ஆகாயத்தாமரை.

உல்லாச ஊர் என்ற எண்ணம் இந்தக் கரைக்குப் பிற்பாடு வந்தது. கோவளத்தில் 1932ல் அரச குடும்பத்துக்காக ஹால்சியன் மாளிகை எழுந்தது. 1960களின் கடைசியில் சார்லஸ் கொரியா அங்கே குன்றின் சரிவோடு சரிவாக அரசு விடுதியை வடிவமைத்தார். ஹிப்பிகளும் சார்ட்டர் விமானங்களும் வந்தன. கோவளம் நெரிசலானதும் அமைதி தேடியவர்கள் தெற்கே சொவ்வரைக்கும் பிறகு பூவாற்றுக்கும் நகர்ந்தார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் ரிசார்ட்டுகளைப் பின்தொடர்ந்து வந்தவை அல்ல. ரிசார்ட் வருவதற்கு முன்பே அந்த மணல் அவர்களுக்குத் தெரியும்.

அந்த மணலுக்கு ஒரு பெயர் உண்டு: பொழி. விளம்பரத் தாள்களில் 'தங்க மணல் கடற்கரை' என்று போட்டிருப்பது இதைத்தான். பூவாற்றில் அந்தக் கரைக்குப் பொழிக்கரை என்றே பெயர், அடுத்த ஊர் பொழியூர். குமரி மாவட்டக் கடற்கரைத் தமிழிலும் இந்தச் சொல் புழங்குகிறது. பாடப்புத்தகத் தமிழ் முகத்துவாரம், கழிமுகம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இரண்டுமே சரியில்லை. முகத்துவாரம் என்றால் எப்போதும் திறந்த வாசல். பொழி அப்படி அல்ல. கோடையில் ஆற்றின் வேகம் குறையும்போது கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மழைக்காலத்தில் ஆறு பெருகி அணைபோல நிற்கும் மணலை உடைத்துக்கொண்டு கடலில் இறங்கும். உடையத் தாமதமானால் மேலே தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் ஏறும். அப்போது ஆட்களோ இயந்திரமோ வைத்து வெட்டிவிட வேண்டும். அதற்குப் பொழி முறித்தல் என்று பெயர். குடும்பங்கள் விரிப்பு போட்டு உட்காரும் இடம் கரையும் இல்லை, தீவும் இல்லை. ஆறும் கடலும் தற்காலிகமாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

பூவாறு குடும்பத்துக்கு ஏற்ற இடமாக இருப்பது இந்தத் திட்டால்தான். அது அலையைத் தடுப்பதால் உள்ளே ஆறு குளம்போல இருக்கிறது. படகு ஆடாது, குழந்தை பயப்படாது. சிக்கலும் இதே திட்டில்தான். படகு ஆற்றுப் பக்கம் இறக்கிவிடுகிறது. நாலு எட்டு வைத்து மேட்டில் ஏறினால் மறுபக்கம் கடல். இங்கே கரை சரேலென்று இறங்குகிறது. மெரினாவிலும் வேளாங்கண்ணியிலும் காலை நனைத்துப் பழகியவர்கள் முழங்கால் ஆழம் வரும் என்று நினைக்கும் இடத்தில் ஆள் ஆழம். அலை தூரத்தில் உடைந்து தவழ்ந்து வருவதில்லை, கரையிலேயே உடைகிறது. திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கிறது. பொழி திறந்திருக்கும் நாட்களில் ஆற்று நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆட்களைக் கடல் இழுத்த செய்திகள் இந்தப் பக்கத்துப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. படகுக்காரர்கள் இறக்கிவிடும்போது கடலில் இறங்காதீர்கள் என்று சொல்லத்தான் செய்கிறார்கள். டிக்கெட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் மரியாதைதான் அதற்கும் கிடைக்கிறது. ஏன் என்று சொல்லாத எச்சரிக்கை யாருக்கும் உறைப்பதில்லை.

கடலோர மக்களிடம் இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது இப்போது உலக அறிவியலிலும் ஏறிவிட்டது: கள்ளக்கடல். காற்று இல்லை, மழை இல்லை, வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திடீரென்று பொங்கிக் கரைக்கு மேலே வரும். ஆயிரக்கணக்கான கி.மீ. தெற்கே இந்துமாக் கடலில் அடித்த புயற்காற்று கிளப்பிய அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் காரணம். திருடனைப்போலச் சொல்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். 2012ல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. ஹைதராபாதில் உள்ள கடல் தகவல் மையம் அதே பெயரில் எச்சரிக்கை விடுகிறது. 2024 மார்ச் 31ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இது திருவனந்தபுரம் முதல் ஆலப்புழை வரை கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டு மே 6ஆம் தேதி குமரி மாவட்டத்தில் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரைக்கு வந்த பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. படித்தவர்கள், இளைஞர்கள். கேரளத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த ஒரு சொல், கரையிலிருந்து ஐந்து கி.மீ. உள்ளே போனால் அன்னியமாகிவிடுகிறது. பூவாற்றுக்கு வரும் வேன்களில் பெரும்பாலானவை அந்த ஐந்து கி.மீ.க்கு அப்பாலிருந்து வருபவை.

ஆற்றில் மட்டும் கவலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2009ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேரும், 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேரும் இறந்தார்கள். தானூரில் படகு அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தது. இறந்தவர்களில் குழந்தைகள் அதிகம். அதற்குப் பிறகு கேரளத்துப் படகுத் துறைகளில் மிதவைச் சட்டை பேச்சு கூடியிருக்கிறது. ஆனால் புகைப்படம் எடுப்பதற்காக அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் அப்பாக்களை எந்தச் சட்டமும் திருத்திவிடப் போவதில்லை.

பொழிக்கரையிலிருந்து தெற்கே பார்த்தால் தெரியும் தென்னை வரிசைக்குக் கீழே பொழியூர். அங்கே யாரும் சுற்றுலா போவதில்லை. ஓகி புயலை (2017 நவம்பர் 30) இந்தக் கரை இன்னும் மறக்கவில்லை. ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறையில் தொடங்கி விழிஞ்ஞம், பூந்துறை வரை இருக்கின்றன. பொழியூரின் இப்போதைய துயரம் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. பருவமழைக்குப் பருவமழை கடல் வீடுகளைத் தின்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் நீரோடியில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளுக்குப் பிறகுதான் தங்கள் கரை கரைகிறது என்பது பொழியூர்க்காரர்களின் குற்றச்சாட்டு. கரையோடு நகரும் மணலை ஒரு பக்கம் தடுத்தால் மறுபக்கம் பட்டினி கிடக்கும் என்பது எந்தக் கடல் பொறியாளரும் மறுக்காத உண்மை. வடக்கே விழிஞ்ஞத்தில் 2015ல் தொடங்கி 2025 மே மாதம் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகத்தின் மீதும் மீனவர்கள் இதே புகாரைச் சொன்னார்கள். 2022ல் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். துறைமுகத் தரப்பு அதை ஏற்கவில்லை. தண்ணீருக்குப் போலவே மணலுக்கும் இரண்டு மாநிலங்கள் பேச வேண்டும் என்ற யோசனை இன்னும் யார் மேசைக்கும் ஏறியதாகத் தெரியவில்லை.

அலை தொடும் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வசிப்பவர்கள் வேறு இடம் போக, கேரள அரசின் 'புனர்கேகம்' திட்டம் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறது. பணத்தோடு கரையை விட்டால் தொழில்? வள்ளம் கரையில் இருக்க, வள்ளக்காரர் மூன்று கி.மீ. தள்ளிக் குடியிருந்தால் விடியற்காலைக் கடலை யார் பார்ப்பது? பொழியூரில் மீன்பிடித் துறைமுகம் கட்டுவோம் என்று 2024ல் கேரள பட்ஜெட் அறிவித்தது. கடல் தின்றதற்குப் பதிலாகக் கடலுக்குள் இன்னும் கொஞ்சம் கல்.

மீனவர் வெளியேற வேண்டும் என்கிற அதே 50 மீட்டரில் உல்லாசக் குடில்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி கேரளத்தில் அடிக்கடி எழுகிறது. 1991ல் வந்து, 2011லும் 2019லும் திருத்தி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை மீறியதற்காக வேம்பநாட்டு ஏரியில் நெடியதுருத்துத் தீவின் சொகுசு ரிசார்ட்டை இடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022ல் இடிப்பு தொடங்கியது. அந்த வழக்கை நடத்தியதில் உள்ளூர் மீனவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

குடும்பத்தோடு கடலோரம் போய்வருவதையே தொழிலாக்கிய கரீபியத் தீவுகளில் இந்தச் சண்டை பழையது. ஜமைக்காவில் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரையை அரசின் உடைமையாக்கியது. மக்களுக்குக் குளிக்கவோ நடக்கவோ பொது உரிமை எதையும் அது தரவில்லை. அந்தச் சட்டமும் 1956ஆம் ஆண்டுச் சரக்குதான். மான்டேகோ பே போன்ற ஊர்களில் கரையின் பெரும்பகுதி ஓட்டல்களின் வேலிக்குள் போய், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை கட்டணம் கொடுத்துக் கடலைப் பார்க்கும் நிலை வந்தது. அதை எதிர்த்து இப்போது அங்கே நீதிமன்றத்தில் வழக்குகள். பார்படோஸில் கடற்கரை எல்லாம் பொது. ஓட்டல் வாசலில் உள்ளூர்க்காரர் துண்டு விரிக்கலாம். பூவாறு இந்த விஷயத்தில் பார்படோஸ் பக்கம். ரிசார்ட் விருந்தாளியும் களியக்காவிளைக் குடும்பமும் ஒரே பொழியில்தான் நிற்கிறார்கள். ரிசார்ட்டின் தனிப் படகுத் துறையும் காவலாளியும் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை.

நாலரை மணிக்கு வெயில் சாய்கிறது. மேட்டின் மேல் பாட்டிகள் சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஒரு பையன் அலை வரும்போது முன்னால் ஓடி, திரும்பும்போது பின்னால் ஓடி விளையாடுகிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவர் நிமிர்ந்து, தமிழும் மலையாளமும் அல்லாத அந்த எல்லை மொழியில் ஒரு சத்தம் போடுகிறார். பையன் மேலே ஏறி வருகிறான். அவன் அம்மாவுக்கு அந்த அதட்டல் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிகிறது.

படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துப் பொழி முறிந்தால், இன்று இவர்கள் சோறு சாப்பிட்ட இடத்தில் ஆறு ஓடும். செப்டம்பருக்குப் பிறகு மணல் மறுபடி சேரும், இதே இடத்தில் இல்லாவிட்டாலும் பக்கத்தில்.